ஒரு வோல்ட் வரும்வரை

சோதனைக் கேபிளைப் பிடுங்கிவிட்டு அவள் மறுபடி ஸ்விட்சைப் போட்டாள்.

ஊசி ஒருமுறை குத்தியது.

யாரும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

இரண்டு நாளாகத் திருப்பூரில் இந்த எம்பிராய்டரி மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இருநூறு தடவையாவது நிறுத்திப் போட்டிருப்பாள். ஊசி அசையவே இல்லை. "நாங்க ஓட்டறப்ப இந்த ஒயரு இருக்காதுங்களே" என்று பின்னாலிருந்து தங்கமணி சொன்ன பிறகுதான் கேபிளைக் கழற்றத் தோன்றியது.

தங்கமணி இந்த மெஷினின் ஆபரேட்டர். போன மாதம், நின்ற கரண்ட் திரும்பி வந்த நொடியில், ஊசி அவள் ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்தது. அதுவாகத்தான் குத்தியது என்றாள். ஒருவரும் நம்பவில்லை. இப்போது அவளைப் பிசிறு வெட்டும் மேசையில் போட்டிருக்கிறார்கள்.

நம்பாதவர்களில் முதல் ஆள் இவள்தான். மெஷினை இயக்கும் மின்சுற்றுப் போர்டை வடிவமைத்த இன்ஜினியர்.

அந்தப் போர்டில் ஒரு காவல்கார சிப் உண்டு. கரண்ட் வந்ததும் மின்னழுத்தம் கொஞ்சம் தள்ளாடும். அது நிலைக்கு வரும்வரை, மோட்டாரை ஓடச் சொல்லும் ஒரு கம்பியை அடக்கிப் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. சம்பளமில்லாத வாட்ச்மேன்.

ஆனால் வாட்ச்மேனும் முதலில் எழுந்திருக்க வேண்டுமே.

அதற்கு ஒரு வோல்ட்டாவது வேண்டும். அதுவரை அந்தக் கம்பியைப் பிடிக்க ஆளில்லை. மோட்டாருக்குத் தனி சப்ளை. சிப் எழுவதற்குள் மோட்டார் தயாராகிவிடும். கண் இமைப்பதற்குள் முடிந்துபோகிற நேரம்.

ஊசிக்கு அது போதும்.

அலுவலகத்தில் எல்லாச் சோதனையும் கேபிளை மாட்டித்தான் செய்தார்கள். அந்த இமைப்பொழுதில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது கேபிள். அவர்கள் பார்க்கும்போதெல்லாம் மெஷின் நல்ல பிள்ளையாக இருந்தது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடுகளவு ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தாள். இனி சிப் தூங்கினாலும் அது கம்பியை அடக்கி வைக்கும். கேபிள் இல்லாமல் நாற்பது தடவை போட்டுப் பார்த்தாள். துணியில் புதிய துளை இல்லை.

"சரியாயிருச்சுங்க அக்கா. நீங்க ஒக்காரலாம்."

தங்கமணி உட்காரவில்லை.

"ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு ரிப்போர்ட்டுல எழுதுனது ஆருங்க?"

"நான்தானுங்க."

"அப்ப உங்க வெரல வெச்சுக் காட்டுங்க அம்மிணி."

கோபமில்லை. தண்ணீர் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

நாற்பது தடவை பார்த்தாயிற்று. கணக்கு சரி. சோதனைக் கருவியின் திரையில் மின்னழுத்தக் கோடும் சரி. கை மட்டும் மடியைவிட்டு எழ மறுத்தது. பயமாக இருந்தது. படித்த படிப்பு எதுவும் அந்தக் கையைத் தூக்க உதவிக்கு வரவில்லை.

பிறகு வைத்தாள்.

ஊசிக்கு நேர் கீழே, ஆள்காட்டி விரலை.

தங்கமணி ஸ்விட்சருகே போனாள். கொஞ்ச நேரம் அந்த விரலைப் பார்த்தபடி நின்றாள்.

போட்டாள்.

விளக்கு எரிந்தது. ஊசி அசையவில்லை.

விரலை வைத்தவள் மூச்சை விட்டாள். சிரிக்கக்கூடப் பார்த்தாள்.

தங்கமணி சிரிக்கவில்லை. பக்கத்து மெஷினைக் கை காட்டினாள். அதிலும் இதே போர்டு. அதற்கடுத்ததிலும்.

வரிசையில் இன்னும் பதினோரு மெஷின். எதிலும் அந்த ரெசிஸ்டர் இல்லை.

ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் தன் மெஷினின் ஸ்விட்சை அணைத்தாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். எழுந்து நின்றாள்.