கரடியின் ஈறு

கரடியின் வாய் நாறியது. அதன் தோழி மைனா, பல்லிடுக்கில் அடைந்திருந்த பழைய பலாநாரை அலகால் கொத்தி எடுத்தது. ஈறில் ரத்தம் கசிந்தது.

"குத்திக் கிழிச்சிட்டியே, போ!" என்று உறுமியது கரடி.

"ஈறு முன்னாலேயே வீங்கியிருக்கு. அழுக்கு போனா ஆறிடும்," என்றது மைனா.

கரடி அதைத் துரத்திவிட்டது. மைனா வரவில்லை, ரத்தமும் வரவில்லை. குணமாகிவிட்டதென்று கரடி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டது.

அடுத்த பலாப் பருவத்தில் ஒரு பழத்தைக் கடித்தபோது, முன்பல் ஒன்று பழத்திலேயே தங்கிவிட்டது. வலிக்கவே இல்லை. வலிக்காததைக் கண்டுதான் கரடி பயந்தது.

மைனாவைத் தேடிப் போய், "இதைத் திரும்ப நட்டுவைக்க முடியுமா?" என்று கேட்டது.

"முடியாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஆனா ரத்தம் வரும்."

கரடி கண்களை இறுக மூடிக்கொண்டு வாயை அகலத் திறந்தது.