ஏழாவது தட்டு

சூட்டறையின் கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைகிறது. ஆராய்ச்சி செய்கிற அக்கா, மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவியைக்கூடத் துடைக்காமல் எட்டிப் பார்க்கிறாள். காலையிலிருந்து வெந்ததில் பத்துத் தட்டுகளில் ஒன்பதில் புல் வைக்கோலாகச் சாய்ந்து கிடக்கிறது. ஏழாவது தட்டில் மட்டும் ஒவ்வொரு தாளும் பச்சையாக நிமிர்ந்து நிற்கிறது. "அந்த மூலையில சூடு ஏறலையா? அப்படின்னா என் மூணு வருஷ வேலையும் குப்பைதான்," என்கிறாள். எலக்ட்ரீஷியன் அண்ணன் வெப்பமானியை மூலையில் நுழைக்கிறார். "இங்கயும் நாப்பத்தெட்டு. என் மெஷின் மேல பழி போடாதம்மா, உன் புல்லுக்குத்தான் திமிரு." இங்கே புட்டி கழுவுகிற நான், கழுவியவற்றை மேசையில் இறக்கி வைக்கிறேன். வாயைத் திறந்தால் என் வேலை போகும். மூடிக்கொண்டால் அந்தத் தட்டும் குப்பைக்குப் போகும். "நேத்து அதைப் புட்டி காயவைக்கிற அடுப்பு மேல மறந்து வெச்சுட்டேன்க்கா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டுவிடுகிறது. "அப்போ இந்தப் புல்லு லேசான சூட்டை நேத்தே பார்த்திருக்கு! தூங்கிட்டிருந்த மரபணுவையெல்லாம் எழுப்பி, தன்னைக் காப்பாத்துற புரதத்தை முன்னாடியே செஞ்சு வெச்சிருக்குண்ணே!" அவள் குதிக்கிற குதியில் ஒரு செருப்பு கழன்று மேசைக்கடியில் ஓடுகிறது. "எவ்வளவு நேரம் இருந்துச்சு? நிமிஷக் கணக்குல சொல்லு." "நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்." அண்ணன் வாய்விட்டுச் சிரிக்கிறார். அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, என் சாப்பாட்டு டப்பாவைத் தேடி எடுத்து நீட்டுகிறாள். "உட்காரு. நேத்து மாதிரியே சாப்பிடு."