செவலைக்கு ஓய்வு

செவலை மூன்று காலில் நின்றது.

வலது முன்னங்காலை மட்டும், நுனி மண்ணில் பட்டும் படாமலும் வைத்திருந்தது. அவள் குனிந்து குதிரையின் அந்தக் காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் ஐகோர்ட்துரை கொட்டகை வாசலிலேயே நின்றான். உள்ளே வர அவனுக்குக் கால் எழவில்லை. எப்படி எழும்?

மாட்டு டாக்டர் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இனி வண்டியில் பூட்ட ஆகாது. அந்தக் காலில் பாரம் கொடுக்காமல் நின்றால் வலி குறையும். கொடுத்தால் உயிர் போகிற வலி. வேறு வைத்தியம் கிடையாது.

தரகர் ஒருவர் லாரியோடு வரத் தயாராக இருந்தார். அந்த லாரி எங்கே போகும் என்று ஊருக்கே தெரியும். கொழுந்தனுக்கு அதற்கு மனசு கேட்கவில்லையாம். வலியில்லாமல் ஒரே ஊசியில் போய்ச் சேரட்டும் என்றான். தன் கையால் குழி வெட்டி, மாலை போட்டுப் புதைப்பதாகச் சொன்னான். சொல்லும்போதே கண் கலங்கிற்று.

அடேயப்பா, எங்கிருந்துதான் வந்ததோ அந்த இரக்கம்.

அவள் நிமிர்ந்தாள்.

"நீரு போட்ட ஊசி ஒண்ணு போதும், கொழுந்தனாரே."

அவன் வாசலை விட்டு ஓர் அடி பின்னால் போனான்.

எல்லாம் கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த குதிரைவண்டிப் பந்தயத்தால் வந்தது. அன்று காலையிலேயே செவலைக்குக் கால் வீங்கியிருந்தது. இன்றைக்குப் பூட்ட வேண்டாம் என்று அவள் சொன்னாள். சரி மைனி என்றான், நல்ல பிள்ளையாக. அவள் பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கொட்டகை வெறிச்சென்று கிடந்தது.

முதலில் வந்த வண்டிக்குக் கொடுக்கும் முதல் கொடி அவனுக்குத்தான். ஊரே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. செவலை கழுத்து நிறைய மாலையோடு, நாலு காலிலும் நன்றாகத்தான் நின்றது. பந்தயக் குதிரைக்குக் காலில் சந்தனம் பூசுவது வழக்கம். அன்றைக்கு வலது காலில் மட்டும் அப்பியிருந்தான்.

பொழுது சாய்ந்ததும் செவலை படுத்துவிட்டது.

அவள் சந்தனத்தைக் கழுவினாள். அடியில் ஊசி குத்திய தடம்.

வலி தெரிந்திருந்தால் அது பாதி வழியிலேயே நின்றிருக்கும். நிற்கக் கூடாது என்றுதானே மரத்துப்போக வைத்தான், பாவி.

புருஷன் சாகும்போது அவள் கையில் விட்டுப்போனது இந்தக் குட்டி ஒன்றைத்தான். பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. கொள்ளு வேகவைத்துக் கையில் ஊட்டி வளர்த்தாள். பழக்கியவன் கொழுந்தன். சும்மா சொல்லக் கூடாது, சாட்டையைத் தொட்டதே இல்லை. நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக்' என்பான். அந்தச் சத்தத்துக்குச் செவலை பறக்கும்.

அது அவனை நம்பியது. 

பஞ்சாயத்தைக் கூட்டினால் குதிரைக்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்பார்கள். புதைக்க விட்டாலோ, அவன் குழிமேட்டில் ஒரு பாட்டம் அழுவான். ஊர் மெச்சும். அப்புறம் நிம்மதியாகத் தூங்குவான்.

அவன் தூங்கக் கூடாது.

ஊசியும் வேண்டாம், லாரியும் வேண்டாம், இருக்கிற வரைக்கும் நானே தீனி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அவன் வீட்டுக்கு நேர் எதிரே அவளுடைய காலி மனை. மறுநாள் செவலையை மெல்ல நடத்திக் கூட்டிவந்து, அங்கிருந்த பூவரசமரத்தில் கட்டினாள். மேலே ஓலைப் பந்தல் போட்டாள். எதிரே அவன் வீட்டு நிலையில் முதல் கொடி தொங்கிக்கொண்டிருந்தது.

ஈர நெஞ்சுக்காரி என்று தெரு பேசியது. பேசட்டும்.

செவலைக்கு அவன் மேல் கோபம் ஏது? கதவைத் திறந்து அவன் தலை தெரிந்தாலே கனைக்கும். பைக்கை உதைத்தால், பந்தயத்தில் கூடவே வரும் பைக்குகளின் ஞாபகத்தில், பந்தயத்துக்குத்தான் கூப்பிடுகிறான் என்று காதை விடைக்கும். பூட்டுவதற்குத் தோதாக நாலு காலையும் ஊன்றி நிற்கும். ஊன்றிய மறுகணம் உடம்பெல்லாம் நடுங்கும்.

அவன் பார்ப்பான். பார்க்காமல் எங்கே போவான்?

ஆள் இளைத்துப்போனான். பொண்டாட்டி ஒருநாள் வந்து, குதிரையைப் பழையபடி கொட்டகையிலேயே கட்டக் கூடாதா அக்கா என்று கெஞ்சினாள். இங்கேதான் காற்றோட்டம் என்றாள் இவள்.

கொடியைக் கழற்றினான். அதுவும் உதவவில்லை.

பிறகு பைக்கை உதைப்பதையும் விட்டான். ஒருநாள் காலை கதவைச் சத்தமில்லாமல் திறந்து, பைக்கைத் தள்ளிக்கொண்டு திருடன் மாதிரி தெருவில் இறங்கினான். சொந்த வாசலில் இருந்து.

செவலை அவனைக் கவனிக்கவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூன்று காலில் நின்றது. வலது காலின் நுனி மட்டும் மண்ணைத் தொட்டது. இத்தனை நாளில் அது அப்படிச் சுகமாக நின்று அவள் பார்த்ததில்லை.

அவள் கொள்ளுச் சட்டியோடு பக்கத்தில் நின்றாள்.

அவன் முதுகு தெருமுனையை நெருங்கியது. முனையைத் திரும்பிவிட்டால் தப்பித்துவிடுவான்.

அவள் நாக்கை மேலண்ணத்தில் தட்டினாள்.

டொக்.

செவலை விலுக்கென்று தலையைத் தூக்கியது. நாலு காலையும் ஊன்றியது. தெரு அதிரக் கனைத்தது.

தெருமுனையில் அவன் நின்றுவிட்டான். திரும்பிப் பார்த்தான்.

அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவலையின் காலைப் பார்க்கவில்லை.