கை முளைத்த கிருமி

காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தையின் ரத்தத்துக்குள் அக்காவும் தங்கையுமாக இரண்டு கிருமிகள் இருந்தார்கள். இரும்புச் சத்து கிடைத்தால்தான் அவர்கள் பிழைக்கவும் பெருகவும் முடியும். ஆனால் காய்ச்சல் கண்டதுமே உடம்பு இருந்த இரும்பையெல்லாம் வாரிப் பூட்டிக்கொண்டது.

அக்கா பசியை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தங்கைக்கோ இருப்புக்கொள்ளவில்லை. பசி முற்ற முற்ற அவள் மேல்தோலெங்கும் சின்னச் சின்னக் கைகள் முளைத்தன.

"என்னடி இது, போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் கை நீட்டிக்கிட்டு? மானம் போகுது. உள்ளே இழு," என்றாள் அக்கா.

"கை நீட்டாமலே செத்துப்போன மானஸ்திங்களை நிறையப் பார்த்தாச்சுக்கா," என்றபடி, பூட்டியது போக மிஞ்சிய இரும்பை அந்த வழியே சுமந்துபோன ஒரு புரதத்திடமிருந்து ஒரு துணுக்கைப் பறித்தாள் தங்கை.

ரத்தத்தின் காவல்காரனான வெள்ளையணு அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது. வழுவழுவென்றிருக்கும் கிருமிகள் அதன் பிடியிலிருந்து நழுவிவிடும். நீட்டிய கை வாகாக அகப்பட்டது. தங்கையை இழுத்து அப்படியே விழுங்கிவிட்டது.

அக்கா ஓரமாக ஒட்டி நின்றாள். வெள்ளையணு வாயைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பியது.

"உனக்குப் பசிக்கலையாம்மா?"

"எனக்கென்ன பசி? இப்பத்தான் சாப்பிட்டேன்," என்றாள் அக்கா.

சொல்லி முடிப்பதற்குள் அவள் தோளிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது.