இருபத்து மூன்றாவது நகர்த்தல்

"எங்கப்பாகிட்ட செஸ்ல தோத்தா கல்யாணம் கிடையாது. ஜெயிச்சுட்டாலோ, ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேச மாட்டார்."

காதலி சொன்னதைக் கேட்டுப் பல் டாக்டருக்கே பல் கூசியது.

"அப்ப என்னதான் வழி?"

"டிரா."

அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். செஸ்ஸில் பெரிய சூரர் என்று நினைப்பு. எப்போதும் வெள்ளைக் காய்தான், தொடக்க ஆட்டத்தில் ஒரு சிப்பாயைக்கூட மாற்றி வைக்க மாட்டாராம். போட்டியில் அவர் ஆடிய ஆட்டம் ஒன்றைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். இதில் உள்ளபடியே கறுப்பை ஆடினால் இருபத்து மூன்றாவது நகர்த்தலில் டிரா, ஒன்று பிசகினாலும் கதை கந்தல் என்றாள்.

பத்து நாள் கிளினிக்கில் கருவித் தட்டின் மேல் செஸ் போர்டுதான் இருந்தது. பரீட்சைக்குக்கூட அவன் இப்படி உருப்போட்டதில்லை. ஒரு பெரியவரின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, "இந்தக் குதிரைய எடுத்துடலாமா?" என்று கேட்டான். அவர் பட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் போர்டு விரிந்தது. காதலி ஒன்றும் அறியாதவள் போல ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள்.

"எதிராளி ஆட்டத்தைப் படிச்சுட்டு வந்து ஆடற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது தம்பி. உக்காந்தா தானா வரும்" என்றார் அப்பா.

அச்சு அசலாகத் தாளில் இருந்தபடியே ஆடினார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பதினாலாவது நகர்த்தலில் மட்டும் தயங்கினார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு பாத்ரூம் போய் வருவதாக எழுந்து போனார். அவர் மாற்றி ஆடிவிட்டால், தாளுக்கு வெளியே இவனுக்கு ஒன்றுமே தெரியாது.

திரும்பி வந்தவர் மந்திரியை நகர்த்தினார். தாளில் இருந்த அதே மந்திரி. இவனுக்குப் போன உயிர் திரும்பியது.

இருபத்து மூன்றில் டிரா. அப்பா எழுந்து கட்டிக்கொண்டார்.

"என்கிட்ட இவ்வளவு தூரம் தாக்குப் பிடிச்ச ஆளே இல்ல, மாப்பிள்ளை!"

சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவி முகத்தைத் துடைத்தார். கூடவே ஒரு தாள் விழுந்து விரிந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தான் டாக்டர். அதே இருபத்து மூன்று நகர்த்தல்கள், அதே கையெழுத்து. மேலே இப்படி எழுதியிருந்தது:

"அப்பா, அவர் எப்பவும் ஆடற ஆட்டம் இதுதான். ஒண்ணு பிசகினாலும் தோத்துடுவீங்க. மனப்பாடம் பண்ணிக்கோங்க."