மூன்றாவது இயந்திரத்தின் இறப்புச் சான்று

மூன்றாவது இயந்திரம் செத்துவிட்டது என்று திரை சொன்னது. திரை சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு என்று கேட்கும் இனத்தைச் சேர்ந்தவர் நிபுணர்.

மருத்துவமனையில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். முதலில் மரியாதையாக, பிற்பாடு வேறு விதமாக. அந்த வேறுபாடு மட்டும் அவர் காதுக்கு எட்டவில்லை.

காலை பதினொரு மணி. அந்த இயந்திரத்தில் ஓடிய இரத்த வங்கிப் பதிவேடு திறக்க மறுத்தது. அறுவை அரங்கில் ஒருவரை மயக்கத்தில் ஆழ்த்திவிட்டு, எந்த இரத்தப் பை அவருக்குப் பொருந்தும் என்ற பதிலுக்காக மருத்துவர்கள் காத்திருந்தார்கள்.

பதிவேடு அழிந்துவிடவில்லை. அம்மருத்துவமனையின் எட்டு சர்வர்களும் தனித்தனிப் பெட்டிகள் அல்ல. மூன்று இயந்திரங்களுக்குள் குடியிருக்கும் மெய்நிகர் சர்வர்கள். அவற்றின் வட்டுகள் அனைத்தும் ஒரே பொதுச் சேமிப்பகத்தில் இருந்தன. ஓர் இயந்திரம் செத்தால், அதில் ஓடிய சர்வரை அடுத்த இயந்திரம் அதே வட்டிலிருந்து எழுப்பிக்கொள்ளும்.

ஒரே நிபந்தனை: செத்தது உண்மையிலேயே செத்திருக்க வேண்டும்.

உயிரோடு இருந்தால், ஒன்று எழுதியதன் மேல் மற்றொன்று எழுதும். பிறகு யாருடைய இரத்தம் எந்த வகை என்பதைக் கடவுளாலும் சொல்ல முடியாது.

இந்தப் பாடத்தைக் குடும்பச் சாப்பாட்டு மேசையில் நிபுணர் பலமுறை நடத்தியிருக்கிறார். கடைசிவரை கேட்டவர் அக்காள் கணவர் ஒருவரே.

ஆகவேதான் வட்டின் மேல் ஒரு பூட்டு. அதை உடைக்கும் முன் மென்பொருள் கேட்டது: ‘இயந்திரம் மூன்று அணைந்திருப்பதை நேரில் உறுதி செய்துவிட்டீர்களா?’

‘நேரில்’ என்ற சொல் நிபுணருக்குப் பிடிக்கவில்லை. சர்வர் அறை இருந்தது நிலத்தடியில். அவர் வீற்றிருந்தது நான்காம் மாடியில், சட்டமிட்ட பதினொரு சான்றிதழ்களின் நிழலில்.

கீழே எலக்ட்ரீசியன் இருந்தார். அவரேதான் அந்த அக்காள் கணவர். அவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் நிபுணர். அதை மறக்க அவர் யாரையும் அனுமதித்ததில்லை. பல்பு மாற்றுவதில் அத்தான் டாக்டர் பட்டம் பெற்றவர் என்று விருந்தினர் முன்னிலையில் அறிமுகப்படுத்துவார். அக்காள் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தானோ மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துவைப்பார்.

நிபுணர் தொலைபேசியை எடுத்தார்.

“அத்தான், மூணாவது மெஷின் ஆஃப் ஆயிருக்கும். ஆயிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். இங்க அடுத்ததுல கிளப்பணும்.”

சொன்னால் போதும் என்ற இடத்தில் அந்த மனிதர் போய்ப் பார்த்துத் தொலைத்தார்.

“இல்ல மாப்ளே. பின்னாடி கை வெச்சா சூடு காத்து வருது. உள்ள ஏதோ வேலை நடக்குது.”

நிபுணர் சிரித்தார். பக்கத்து மேசைகளும் பயன்பெறட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார்.

“கேட்டீங்களா, தொட்டுப் பார்த்தாராம். அப்படியே காய்ச்சல் மாத்திரை ஒண்ணு குடுத்துட்டு வாங்க அத்தான்.”

மேசைகள் கடமை தவறாமல் சிரித்தன.

மறுமுனையில் பேச்சில்லை. கோபித்துக்கொண்டார் போலும் என்ற எண்ணம் நிபுணருக்கு இனித்தது. இணைப்பைத் துண்டித்தார். நேரில் உறுதி செய்துவிட்டதாக ‘ஆம்’ என்று அழுத்தினார்.

பூட்டு உடைந்தது. இரண்டாவது இயந்திரம் சர்வரை எழுப்பியது. பதிவேடு எழுத்துப் பிசகாமல் திறந்தது. இரத்தப் பை மேலே போயிற்று. அறுவை அரங்கிலிருந்து செவிலியர் அழைத்து நன்றி சொன்னார்.

தொட்டுப் பார்க்கும் விஞ்ஞானத்துக்கும் படித்துத் தெளியும் விஞ்ஞானத்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றி நிபுணர் ஒரு சிற்றுரை ஆற்றினார்.

பிறகு நிர்வாகத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தார். தம் துணிவு வினாடிக் கணக்கில் பதிவாக வேண்டும் என்று விரும்பி, சேமிப்பகத்தின் குறிப்பேட்டைத் திறந்தார்.

பூட்டு உடைந்தது: 11:06:52.

அதற்கு மேல் வரி: இயந்திரம் மூன்று கடைசியாக வட்டில் எழுதியது: 11:06:40.

திரையோ அது 10:48-க்கே செத்துவிட்டதாகச் சொல்லியிருந்தது.

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மீண்டும் படித்தார். எண்கள் அவருக்கு அஞ்சி மாறிவிடவில்லை. அறுந்திருந்தது வெளியுலகோடு பேசும் கம்பி மட்டும். சேமிப்பகத்தோடு பேசும் கம்பி வேறு. அதன் வழியே அந்தப் பிணம் பதினெட்டு நிமிடங்களாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவர் அழுத்துவதற்குப் பன்னிரண்டு வினாடிகள் முன்பு எழுதுவதை நிறுத்தியிருக்கிறது.

இயந்திரங்கள் ஒருவரின் மானம் காக்கச் சாவதில்லை.

அறிக்கையை அப்படியே விட்டுவிட்டு அவர் படிக்கட்டுப் பக்கம் போனார். மேலும் கீழும் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு அழைத்தார்.

“அத்தான்... அந்த மெஷினை யாராவது அணைச்சாங்களா?”

“நான்தான். நீ எப்படியும் அமுக்கிடுவேன்னு தெரியும், அதோட ரெண்டு கரண்ட் ஒயரையும் பிடுங்கிட்டேன்.”

“எப்போ?”

“நீ சிரிச்சிட்டு இருந்தப்போ, மாப்ளே.”