டேங்கின் எடை

கிரேன் லைசென்ஸ் எடுக்க கிரேன் ஆபரேட்டரிடம் அவர் மைத்துனன் வாங்கிய கடன் நாற்பத்திரண்டாயிரம். லைசென்ஸ் வந்தது, வேலை வரவில்லை. தான் ஓட்டும் கம்பெனி கிரேனுக்கே கொக்கி மாட்டும் ஆளாக அவனைச் சேர்த்துவிட்டார்.

"இரும்பு டேங்க்ல தண்ணி இருக்கா மச்சான்? கையை நீட்ட நீட்டக் கிரேனுக்குத் தெம்பு குறையும். இந்தத் தூரத்துக்கு எடைச் சார்ட்படி மூணு டன்தான் தூக்கலாம்."

"சொட்டு இல்ல அத்தான். நானே வால்வைத் திறந்துவிட்டேன். வெறும் டேங்க், ரெண்டு டன்."

நம்பித் தூக்கினார். கிரேனின் பின்கால்கள் தரையை விட்டு எழும்பின. பதறி இறக்கியதில் டேங்க் பிளந்து தண்ணீர் வெள்ளமாய்ப் பாய்ந்தது. உயிர் தப்பியது, அவர் வேலை போனது.

"மறந்திருப்பான், பாவம்" என்று மனைவியிடம் அவனுக்காகப் பரிந்து பேசினார்.

மறுவாரமே மைத்துனன் வந்து முழுக் கடனையும் எண்ணி வைத்தான்.

"ஏதுடா இவ்வளவு?"

"கம்பெனி கொடுத்த முன்பணம் அத்தான். இப்ப நீங்க ஓட்டின கிரேனை நான்தான் ஓட்டுறேன்."

"அன்னைக்கு வால்வைத் திறக்க மறந்துட்டே, அப்படித்தானே?"

மைத்துனன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கடன் தீர்ந்துச்சுல்ல அத்தான்?"